குலுங்காத கார் வாங்கிய சோடா முதலாளி

இந்த உலகத்தில் இதுவரை நடந்த சண்டை, வறட்சி, வயிற்றுவலி, கல்யாண முறிவு அத்தனைக்கும் ஒரே காரணம் குலுக்கல்தான் என்று கண்டுபிடித்த ஒரே மனிதர் எங்கள் சோடா முதலாளி. வேறு யாராவது கண்டுபிடித்திருந்தால் லிந்துலைக்குத் தகவல் வந்திருக்கும். வரவில்லை.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ஆனால் கூப்பன் கடையிலிருந்து கோயில் கமிட்டி வரைக்கும் எல்லோருக்கும் அவர் சோடா முதலாளிதான். லிந்துலையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் திரும்பும் ரோட்டின் கடைசியில் ஒரு சின்னக் கடைவீதி உண்டு. அதில் கடைசிக் கடை அவருடையது. ஒரு காஸ் மெஷின், இரண்டு தண்ணீர்த் தொட்டி, அடுக்கடுக்காக மரப்பெட்டிகள், நடுவில் முதலாளி.

சோடாக்காரருக்குக் குலுக்கல் பகை என்பது நியாயம்தான். கோலிக் குண்டு அடைத்த போத்தலுக்குள் காஸ் மூச்சுமுட்டிக் கிடக்கிறது. ஒரு உலுக்கு உலுக்கினால் கண்ணாடி தூள். வாலிபத்தில் தலையில் பெட்டி சுமந்து தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயம் லயமாக விற்கப் போன காலத்தில் ஒரு போத்தல் வெடித்து அவருடைய இடது புருவத்தை இரண்டாகப் பிரித்துவிட்டது. மற்றவர்களாக இருந்தால் தொழிலை மாற்றியிருப்பார்கள். இவர் நடையை மாற்றினார்.

அந்த நடையைப் பார்க்கவே தலவாக்கலையிலிருந்து ஆள் வரலாம். கழுத்துக்கு மேல் ஒன்றும் அசையாது. இடுப்புக்குக் கீழே மட்டும் வேலை நடக்கும். அலமாரிக்குக் கால் முளைத்தது போல வருவார். தலையாட்டுவதை அடியோடு நிறுத்திவிட்டார். ஆமாம் என்றால் கண்ணை மூடுவார். இல்லை என்றால் மூட மாட்டார். அவ்வளவுதான் பாஷை.

ஒரு முறை காய்ச்சல் வந்து தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்கினார். போத்தலில் ஒட்டியிருந்ததை என்னிடம் காட்டி வாசிக்கச் சொன்னார். 'நன்றாகக் குலுக்கிக் குடிக்கவும்' என்று வாசித்தேன். நேரே மருந்து கொடுத்த ஐயாவிடமே திரும்பிப் போனார்.

"ஐயா, இத வச்சிக்கங்க. குலுக்காம குடிக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க."

"அப்படி மருந்து இல்லியே முதலாளி."

"அப்போ காய்ச்சலே இருந்துட்டுப் போவட்டும்."

இன்னொரு முறை தொழிற்சங்கக் கூட்டம். கொழும்பிலிருந்து வந்த பேச்சாளர் மேசையைக் குத்தி, "நாம் எழுந்தால் மலைநாடே குலுங்கும்!" என்று முழங்கினார். கூட்டமே கைதட்டியது. முன்வரிசையில் இருந்த ஒரே ஒருவர் மட்டும் மெதுவாக எழுந்து துண்டை உதறாமல் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். சங்கத்துக்கு எதிரி என்று பேசிக்கொண்டார்கள். சந்தா ஒழுங்காகக் கட்டுகிற மனிதர் அவர்!

சோடா ஏற்ற அவரிடம் ஒரு மாட்டு வண்டி இருந்தது. மாட்டின் குளம்புகளில் சாக்கு கட்டியிருப்பார். சக்கரத்துக்கு வைக்கோல் புரி சுற்றியிருப்பார். ஆனால் மாட்டுக்கு ஈ மொய்த்தால் அது தலையை ஆட்டும்; தலை ஆடினால் நுகம் ஆடும்; நுகம் ஆடினால் பெட்டி ஆடும். அதனால் முதலாளியம்மா விசிறியோடு மாட்டுக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டியதாயிற்று.

"எனக்கு ஒரு நாளாச்சும் விசிறிவிட்டிருப்பாரா இந்த மனுசன்? நீயே சொல்லு" என்று வழியெல்லாம் அந்த அம்மா மாட்டிடம் கேட்டுக்கொண்டே போவார். மாடும் தலையாட்டாமல் பழகிவிட்டதால் பதில் சொல்லாது.

நான் அப்போது தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர். சீனியர் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு, உலகத்தில் எனக்காக ஏதோ காத்துக்கொண்டிருக்கிறது, அது எந்த பஸ்ஸில் வரும் என்று தெரியவில்லை என்ற நிலைமை. ஆபீஸ் விட்டால் சோடாக் கடைதான். உட்கார்ந்தால் என் கால் தானாக ஆடும். முதலாளி பார்த்தார், ஒரு பெட்டி நிறையச் சோடாவை எடுத்து என் மடியில் வைத்தார். "இனி ஆட்டுங்க பாப்போம்" என்றார். அன்றிலிருந்து மடியில் பெட்டியோடுதான் பேசிக்கொண்டிருப்பேன்.

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் படித்து முடித்த இங்கிலீஷ் பத்திரிகைகள் மாதக்கணக்கில் பழசாகி எங்கள் ஆபீசுக்கு வரும். அதில் ஒன்றில் அந்தப் படத்தைப் பார்த்தேன். பார்த்ததும் ஆபீசிலிருந்து ஓடினேன்; கடைக்குக் கொஞ்சம் தூரம் இருக்கும்போது நடந்தேன். ஓடி உள்ளே போனால் தரை அதிருமே!

"இது என்னாங்க தம்பி, கோழிக்கூடா?"

"கார் முதலாளி! பேட்டரியில ஓடுது. லண்டன்ல வீடு வீடா பால் போத்தல் கொண்டு போறாங்க இதுல. எஞ்சினே கெடையாது."

"எஞ்சின் இல்ல?"

"இல்ல."

"அப்போ குலுங்குறதுக்கு என்னா இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல. விடியக்காலையில தெருவுல போனா, தூங்குற பிள்ளகூட முழிக்காதாம்."

முதலாளி கண்ணை மூடினார். ரொம்ப நேரம் திறக்கவில்லை. இவ்வளவு நீளமான ஆமாம் ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எழுதுங்க தம்பி."

"யாருக்கு?"

"இத செஞ்சவனுக்கு."

செய்தவனுக்கு எழுதாமல் கொழும்பில் இருந்த ஒரு மோட்டார் கம்பெனிக்கு எழுதினேன். அவர்கள் சீமையிலிருந்து தருவித்துத் தருவதாகப் பதில் போட்டார்கள். கடைவீதியில் மின்சாரமே கிடையாதே, பேட்டரிக்கு எங்கே போவது என்றீர்களா? எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் ஓடைத் தண்ணீரில் சுற்றும் டைனமோ ஒன்று இருந்தது. தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீ மேக்கர் ஐயாவைப் போய்ப் பார்த்தோம். பகலில் மெஷின் ஓடாத நேரத்தில் காரை நிறுத்திக்கொள்ளலாம் என்றார். வாடகை, நாளைக்கு ஒரு எலுமிச்சஞ்சோடா. உலகத்திலேயே சோடாவில் ஓடிய முதல் கார் என்று நான் அப்போதே ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

ஆர்டர் போட்டதும் முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. "தம்பி, கப்பல் ஆடுமே?" என்றார். கம்பெனிக்கு எழுதினோம். இந்தப் பருவத்தில் கடல் அமைதியாகவே இருக்கும் என்று பதில் வந்தது. "யாரு போய்ப் பாத்தாங்களாம்?" என்றார்.

முன்பணம் கட்ட வேண்டி வந்தபோது மாட்டையும் வண்டியையும் விற்றார். அன்றைக்கு முதலாளியம்மா விசிறியைத் தூக்கி அடுப்பில் போட்டார். சந்தோசத்தில் போட்டாரா, கோபத்தில் போட்டாரா என்று யாரும் கேட்கத் துணியவில்லை. சித்திரையில் மாரியம்மன் திருவிழா. வருசத்துக்கே சோறு போடுகிற வியாபாரம் அந்த ஒரு வாரத்தில்தான். கார் வராவிட்டால் மேல்தோட்டத்து லயங்களுக்கு ஒரு போத்தல் போகாது.

அப்படிப்பட்ட நேரத்தில் முதலாளி போட்டார் ஒரு நிபந்தனை. கார் வந்திறங்கும் நாளில் தலவாக்கலை ஸ்டேஷனில் வைத்து ஒரு பெட்டி சோடாவை அதில் ஏற்றுவார். கடை வாசல் வருவதற்குள் ஒரே ஒரு போத்தல் வெடித்தாலும் கார் வேண்டாம்; பாக்கிப் பணம் கிடையாது. கம்பெனியும் பதிலுக்கு ஒன்று போட்டது. எந்தக் காரணத்தால் வேண்டாம் என்றாலும் முன்பணம் திரும்பாது. அன்று பின்னேர ரயிலுக்கு முன்னால் பணம் கைக்கு வராவிட்டால் கார் திரும்பிக் கொழும்புக்கு. இரண்டு பக்கமும் எதிர்ப்பக்கம் முட்டாள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

"முதலாளி, ஒரு போத்தல் வெடிச்சா மாடும் போச்சு, முன்பணமும் போச்சு. எதுக்கு இந்தப் புடிவாதம்?"

"குலுங்குற வண்டிய வச்சிக்கிட்டு என்னா பண்றது தம்பி? அதுக்கு மறுபடியும் தலையில சொமக்கலாம்."

புருவத்தைத் தொட்டுக்கொண்டு சொன்னார்.

கார் வந்த அன்று நான் பெரிய கிளாக்கரிடம் மன்றாடி லீவு வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். முதலாளி விடியும் முன்பே நடந்து வந்து, மடியில் சோடாப் பெட்டியோடு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார். கூட்ஸ் வண்டியிலிருந்து பலகை போட்டு உருட்டி இறக்கினார்கள். வெள்ளை வெளேரென்று, முன்பக்கம் வட்டமாக, பின்பக்கம் சதுரமாக, ஜன்னல் வைத்த அரிசிப் பெட்டி போல நின்றது.

"மேக்க மொக்கத மாத்தயா?" என்று, இது என்ன என்பதைப் போர்ட்டர் சிங்களத்தில் கேட்டான்.

"கார்" என்றேன் பெருமையோடு.

அவன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எஞ்சினைத் தேடிக் குனிந்து பார்த்துவிட்டு, என்னை இரக்கத்தோடு பார்த்தான்.

காரோடு கம்பெனியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், டை, கோட்டு, தங்கச் சங்கிலியில் கைக்கடிகாரம். மலைநாட்டில் முதல் மின்சாரக் காரை விற்றுக் காட்டினால் அவருக்குக் கொழும்பில் பெரிய நாற்காலி காத்திருந்ததாம். என்னைத் தனியே இழுத்தார்.

"என்ன தம்பி, இந்த மனுசன் உண்மையாத்தான் கேக்கிறாரோ? பகிடி எண்டெல்லோ நாங்கள் நினைச்சனாங்கள்!"

"அவருக்குப் பகிடி தெரியாதுங்க. சிரிச்சா வயிறு குலுங்குமே."

கம்பெனிக்காரர் டையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் பக்கத்தில். முதலாளி பின்னால், பெட்டிக்குக் காவலாக, குழந்தையைக் குளிப்பாட்டுகிற தோரணையில் கால் நீட்டி உட்கார்ந்தார்.

கார் கிளம்பியது. கிளம்பியதா இல்லையா என்று ஸ்டேஷன் மதில் பின்னால் போவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆகா! ஒரு உறுமல் இல்லை, ஒரு உதறல் இல்லை. பின்னால் திரும்பிப் பார்த்தேன். முதலாளியின் முகத்தில், கண் இரண்டும் மூடியிருந்தது.

ஆனால் சத்தம் இல்லாத காருக்கு யார் வழி விடுவார்கள்? முதல் வளைவிலேயே விறகுக் கட்டோடு ஒரு பெரியவர் நடு ரோட்டில் ஆற அமரப் போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கார் வந்து அவர் முதுகை ஒட்டி நின்றது. அவருக்குத் தெரியாது. கம்பெனிக்காரர் ஹார்னை அழுத்தினார். பெரியவர் துள்ளினார், விறகு சிதறியது, பின்னாலிருந்து ஒரு போத்தல் 'கிணுக்' என்றது.

"இன்னொரு வாட்டி ஹார்ன் அடிச்சீங்கன்னா காசு கெடையாது" என்றார் முதலாளி.

"ஹோர்ன் அடியாட்டில் ஆக்கள் விலத்தாயினம்! பிரேக் பிடிச்சால் போத்தில் வெடிக்கும்! நான் என்ன செய்யிறது?"

அப்போதுதான் ரோட்டோரத்தில் மாரிமுத்து அண்ணனைக் கண்டோம். தோட்டத்தில் தப்பு அடிப்பவர். விடியற்காலையில் அவர் தப்பு கேட்டுத்தான் லயங்கள் எழும்பும். வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஆள் கூடும். டவுனில் தப்புக்குப் புதுத் தோல் கட்டிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"மாரிமுத்து! ஒரு ஒத்தாச பண்ணுங்க. ஒரு வளைவு முன்னாடி அடிச்சிக்கிட்டே போங்க. சனம் ஒதுங்கட்டும்."

"என்னா அடி அடிக்கட்டும் முதலாளி?"

"என்னத்தையாச்சும் அடிங்க. சாவு அடி மட்டும் வேணாம்."

அண்ணன் புதுத் தோலைத் தட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு முன்னே போனார். பிரமாதமாக வேலை செய்தது! திருவிழா அடி அடித்துக்கொண்டு அவர் ஒரு வளைவு முன்னே போக, ஆடு, மாடு, மரக்கறிக் கூடைக்காரர்கள் எல்லாம் ஒதுங்கி நின்று சாமி வருகிறது என்று கும்பிட, பின்னால் ஆடாமல் அசையாமல் வெள்ளைப் பெட்டி வந்தது. கும்பிட்டவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். சோடா முதலாளி இருந்தார். சிலர் கும்பிட்ட கையை எடுக்கவில்லை.

லிந்துலை தாண்டித் தோட்டத்து ரோட்டில் திரும்பினோம். அங்கேதான் விஷயம் பிசகியது. அந்த மண்ணில் கால் வைத்தால் மாரிமுத்து அண்ணனுடைய கைக்கு ஒரே ஒரு அடிதான் தெரியும். வருசக்கணக்காக அது அடித்துப் பழகிய அடி. எல்லைக் கல்லைத் தாண்டியதும் கை தானாகப் பெரட்டு அடிக்கு மாறிவிட்டது. அவருக்கும் தெரியவில்லை. போத்தல்களையே பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் தெரியவில்லை. ஆனால் மலைக்குத் தெரிந்துவிட்டது.

நேரம் கெட்ட நேரத்தில் பெரட்டுத் தப்பு கேட்டால் தோட்டத்தில் இரண்டே அர்த்தம். ஒன்று தொழிற்சாலையில் தீ, இல்லை எங்கோ மண்சரிவு. கொழுந்து மலையிலிருந்து கூடையோடு பெண்கள் இறங்கினார்கள். கவாத்து மலையிலிருந்து கத்தியோடு ஆண்கள் இறங்கினார்கள். லயத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆற்றோரத் திருப்பத்தில் மொத்தத் தோட்டமும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது.

"எங்கண்ணே தீ?"

"தீயெல்லாம் இல்ல" என்றார் மாரிமுத்து அண்ணன், திகைத்துப் போய்.

"மண்ணு சரிஞ்சிருச்சா?"

"இல்ல."

"பின்ன எதுக்குப் பெரட்டு அடிச்சீங்க?"

"பெரட்டா அடிச்சேன்? கார் வருதுன்னு அடிச்சேன்."

"காரா? எங்க, சத்தத்தையே காணோம்?"

"அதுக்குத்தான் அடிச்சேன்!"

அப்போது வளைவு திரும்பி நாங்கள் போய் நின்றோம். ஒரு கொழுந்துக்காரப் பெண் கூடையைச் சரித்துக்கொண்டு கத்தினாள்: "என்னா முதலாளி, மாட்ட வித்துட்டு அலமாரியா வாங்கி உள்ள குந்தியிருக்கீங்க!" மலையே சிரித்தது. முதலாளி இரண்டு கையாலும் பெட்டியை அணைத்துக்கொண்டார்.

கார் நின்றதற்குக் கூட்டம் மட்டும் காரணமில்லை. அந்தத் திருப்பத்தில் ரோடு என்று ஒன்று இல்லை. போன மழை அடித்துக்கொண்டு போய், கல்லும் குழியுமாகக் கிடந்தது. லாரியே அங்கே எழும்பி விழும். முதலாளி எட்டிப் பார்த்தார். கம்பெனிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"தம்பி," என்றார் முதலாளி மெல்ல, "நேத்து மழயில குழி பெருசாயிருச்சு போல. முந்தாநாள் நடந்து வந்து பாத்தேன், இவ்வளவு இல்ல." குரலில் ஒரு சின்ன நடுக்கம். அவர் உடம்பில் நான் பார்த்த முதல் நடுக்கம் அதுதான்.

அதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கண்டாக்கையா வந்துவிட்டார். தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் மேற்பார்வையாளர். சட்டம் தப்பினால் சூரியன் உதிக்காது என்று நம்புகிறவர். பெரட்டுத் தப்பு கேட்டதும் பேர்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, என்ன ஏது என்று கேட்காமலே ரோட்டில் நின்று பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தார். பாதிப் பெயர் பதிந்தும்விட்டார்.

"ஐயா, தப்பா அடிச்சிட்டாருங்க. ஆளுகள அனுப்பிடுங்க" என்றேன் நான்.

"அனுப்புறதா? எப்படி அனுப்புறது? நீரு ஆபீசில வேல பாக்குற ஆளு, உமக்குத் தெரியாது? பெரட்டு கூட்டி, பேரு பதிஞ்சா, வேல குடுக்கணும். குடுக்காம அனுப்பினா நான் எந்த வேலையின்னு எழுதுறது? காரு பாத்தாங்கன்னா?"

"பழைய வேலைக்கே திருப்பி..."

"அது காலப் பெரட்டு. இது புதுப் பெரட்டு. புதுப் பெரட்டுக்குப் புது வேல."

எனக்குத் தலைக்குள் பளிச்சென்றது. நான் கையை நீட்டி அந்தக் குழிகளைக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவர் எனக்கு விதி வாசிப்பார்.

கண்டாக்கையா குழியைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு பெரிய நிம்மதி பரவியது.

"ரோட்டு வேல!" என்று முழங்கினார். "ஆம்பளயாளு கல்லு, மண்ணு. பொம்பளயாளு கவாத்துக் குப்ப அள்ளி மேல போடு. வேகமா!"

அடுத்து நடந்ததைப் பார்த்தவன் பாக்கியசாலி. கவாத்து மலையில் வெட்டிப் போட்ட தேயிலைக் கிளையும் இலையும் கும்பல் கும்பலாக இறங்கியது. குழிக்குக் கல், கல்லுக்கு மேல் களிமண், களிமண்ணுக்கு மேல் மானாப்புல், அதற்கு மேல் கவாத்து இலை. பெரட்டு அடித்த பாவத்துக்கு மாரிமுத்து அண்ணன் ஓரமாக நின்று வேலைக்குத் தாளம் போட்டார். கம்பெனிக்காரர் முதலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கோட்டைக் கழற்றினார். பிறகு டையைக் கழற்றினார். கடைசியில் பார்க்கும்போது மண் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, "விலத்துங்கோ, விலத்துங்கோ!" என்று ஓடிக்கொண்டிருந்தார். ஒரு அக்கா, "இந்த யாப்பாணத்து ஐயா பேர பதிஞ்சீங்களா கண்டாக்கையா?" என்று கேட்டாள்.

அப்போது தூரத்தில் மோட்டார்சைக்கிள் உறுமியது. துரை!

வேலை நிறுத்தம் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்; முகம் தக்காளியாக இருந்தது. எல்லோரும் ஒதுங்கினார்கள். ஒருவர் மட்டும் காரிலிருந்து இறங்கி, ஓடி, ஆமாம், ஓடி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு துரையின் மோட்டார்சைக்கிளுக்கு முன்னால் நின்றார்.

"ஆஃப்! ஆஃப்!" என்றார் முதலாளி. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் அதுதான்.

எங்கள் தோட்டத்தில் துரையை மறித்தவர் யாரும் அதுவரை இல்லை. துரை அதிர்ச்சியில் எஞ்சினை நிறுத்திவிட்டார். கண்டாக்கையா முன்னால் வந்து நெஞ்சை நிமிர்த்தி, புதுப் பெரட்டை இங்கிலீஷில் சொன்னார்.

"ரோட் வர்க், சார். ஸ்பெஷல் மஸ்டர், சார்."

துரை ரோட்டைப் பார்த்தார். அந்தக் குழியில் அவர் இரண்டு முறை விழுந்தது தோட்டத்துக்கே தெரியும். பச்சை இலை விரித்து, கோயில் நடை போல் கிடந்த ரோட்டைப் பார்த்துவிட்டுத் தொப்பியைத் தள்ளித் தலையைச் சொறிந்தார்.

"குட்" என்றார். பிறகு ஸ்டார்ட் பண்ணக் காலைத் தூக்கினார். முதலாளி கையை இறக்கவில்லை. காரைக் காட்டினார், போத்தலைக் காட்டினார், உதட்டில் விரலை வைத்தார். துரைக்கு என்ன விளங்கியதோ! காலை இறக்கி, மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, காரைத் தாண்டி, வளைவு வரைக்கும் நடந்தே போனார். அந்த ஒரு காட்சிக்காக மட்டும் இன்றைக்கும் எங்கள் லயங்களில் முதலாளியின் சோடாவுக்கு விலை பேசுவதில்லை.

இலை விரித்த ரோட்டில் கார் ஏறியது. மெத்தையில் பூனை நடப்பது போல் போயிற்று. இரண்டு பக்கமும் தோட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. திருப்பம் தாண்டியது. ஒரு போத்தல்கூடக் கிணுக்கவில்லை. அதற்குப் பிறகு எழும்ப இருந்த சத்தத்தில் போத்தல் வெடித்திருக்கும். முதலாளி கை காட்டியதால் எல்லோரும் வாய் திறக்காமல் ஆனந்தப்பட்டார்கள். அவ்வளவு பேர் ஓசையில்லாமல் துள்ளுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

கடை வாசலில் முதலாளியம்மா ஆரத்தித் தட்டோடு நின்றார். தரையில் நான்கு எலுமிச்சம்பழம்.

"எடுத்திரு அத" என்றார் முதலாளி காருக்குள்ளிருந்து. "பழத்துல ஏறினா குலுங்கும்."

"எலுமிச்சம்பழம் நசுக்காம எந்த வண்டியும் வாசலுக்கு வராது."

"வெடிச்சிரும்டி! எல்லாம் போயிரும்!"

"போனா போவட்டும். மாட்டுக்கு விசிறினவ நானு."

கார் வாசலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கம்பெனிக்காரர் மண் பூசிய நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, "எனக்கு ரயில் போகப் போகுது அம்மா" என்று கிட்டத்தட்ட அழுதார். அந்த அம்மா அவரைப் பார்த்தார். குனிந்து பழங்களை எடுத்தார். நான்கையும் அரிந்து ஒரு செம்பில் பிழிந்தார். வெறும் தோலைச் சக்கரங்களுக்கு முன்னால் வைத்துவிட்டு, செம்பை அவரிடம் நீட்டினார்.

"தோலும் பழந்தான். ஏத்துங்க. இத குடிச்சிட்டு ஏத்துங்க."

ஏற்றினார். முதலாளி இறங்கி, ஒவ்வொரு போத்தலாக எடுத்து வெயிலுக்குக் காட்டிப் பார்த்து, திரும்ப வைத்தார். கடைசிப் போத்தலை வைத்துவிட்டுக் கம்பெனிக்காரரைப் பார்த்து, நன்றாக, அழுத்தமாக, கண்ணை மூடினார்.

"என்னவாம்?" என்றார் அவர் என்னிடம் பதறி.

"ஆமாங்கிறாரு!"

பணம் ஒரு சோடாப் பெட்டியில் வந்தது. போத்தல் வைக்கிற ஒவ்வொரு குழியிலும் ஒரு நோட்டுச் சுருள், நூல் கட்டி, நட்டமாக. கம்பெனிக்காரர் சுருள்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, தேயிலைப் பெட்டி ஏற்றிப் புறப்பட்ட லாரியின் பின்னால் தொற்றிக்கொண்டார். கையில் அவருக்கு ஒரு சோடா, இலவசம். ரோட்டில் லாரி எழும்பி எழும்பி மறைவதை முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார். "பாவம், நல்ல மனுசன். எப்படிக் குலுங்கிக்கிட்டுப் போறாரு பாருங்க."

திருவிழாவுக்கு மேல்தோட்டத்துக் கடைசி லயம் வரைக்கும் சோடா போயிற்று. காரை ஓட்டியவன் நான். முதலாளி ஸ்டியரிங்கைத் தொட மறுத்துவிட்டார். ஓட்டுகிறவன் உடம்பு ஆடுமாம். நான் ஆபீசுக்கு முழுக்குப் போட்டு, என் பஸ் இப்படிச் சத்தமில்லாமல் வந்து நிற்கும் என்று யார் நினைத்தது என்று எண்ணிக்கொண்டேன். ஆற்றோரத் திருப்பத்தை மட்டும் கண்டாக்கையா அதற்குப் பிறகு குழி விழவிடவில்லை. அது அவருடைய ஸ்பெஷல் மஸ்டர்!

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு காலை. என் அக்காவுக்கு வலி கண்டது, முதல் பிரசவம், நாள் முந்திவிட்டது. மருத்துவச்சி, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும், தூக்கிப் போட்டால் ஆபத்து என்றார். தோட்டத்து லாரியில் அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. நான் கடைக்கு ஓடினேன்; அன்றைக்கு நடக்கவில்லை, ஓடியே உள்ளே போனேன். முதலாளி ஏற்றியிருந்த பெட்டிகளையெல்லாம் மழையிலேயே வாசலில் இறக்கினார். முதலாளியம்மா வீட்டிலிருந்த மெத்தை, தலையணை, சேலை அத்தனையையும் காருக்குள் பரப்பினார்.

லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறக்கம், வழியெல்லாம் மழை உருட்டிவிட்ட கல். அக்கா உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க ஏறுங்க முதலாளி, நனையிறீங்க" என்றேன். அவர் கேட்கவில்லை. அந்த மனிதர், கழுத்துக்கு மேல் அசையாத அந்த மனிதர், கொட்டும் மழையில் எங்களுக்கு முன்னால் நடந்து, ஆஸ்பத்திரி வாசல்வரை, ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லாகக் குனிந்து குனிந்து எடுத்து ஓரத்தில் வைத்துக்கொண்டே போனார். நான் அவருடைய முதுகைப் பார்த்துத்தான் ஓட்டினேன்.